பழையபேட்டையில் புதுப்பித்த பழைய வீட்டை வாடகைக்குப் பிடிக்கும் முன்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அடிவாரத்தில், பழையபேட்டைத் தெருக்களில் திண்ணையும் முற்றமும் தேக்கு உத்திரமுமாக ஒரு வீடு, அதுவும் புதுப்பித்த நிலையில் வாடகைக்கு வந்தால் கண் முதலில் கிரானைட் தரையின் பளபளப்பில்தான் போய் நிற்கும். தரையை விடுங்கள், சுவரைப் பாருங்கள்.

சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துவிட்டால் ஈரம் போக வழியில்லை. முதல் மழைக்காலம் முடிவதற்குள் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து உதிரும். புதுப் பெயிண்டில் இது தெரியாது. அதனால் செப்டம்பர் முதல் நவம்பருக்குள், நல்ல மழை பெய்த இரண்டாம் நாள் போய்ப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியிலும் குளியலறைக்குப் பின்சுவரிலும் உள்ளங்கையை வையுங்கள். விரலை மடக்கித் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது.

மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட மெட்ராஸ் டெர்ரஸ் கூரையில் மரம் முதலில் இற்றுப்போவது சுவருக்குள் செருகிய முனையில். ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருந்தால், ஓரத்து விளக்கு ஒன்றைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். கரையான் மண்கோடு தெரிந்தால் அந்த வீடு வேண்டாம். முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். மேலே சூடு வெளியேறத் திறப்பு இல்லாத முற்றம் கோடையில் அடுப்புதான்.

தண்ணீரில் அசட்டை கூடவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். போர் தண்ணீரை ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் (அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டு) பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-க்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதை எடுக்க ஆர்.ஓ. வேண்டும். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு 540. நான்கு நாளுக்கு ஒருமுறை வரும் தெருவில் சம்ப் 2,200 லிட்டராவது பிடிக்க வேண்டும்.

உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா? ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால் யூனிட் ஏற ஏற எல்லாருக்கும் மேல் ஸ்லாப் கட்டணம் விழும். ஏசிக்கு வரும் வயர் 4 சதுர மி.மீ. இருக்க வேண்டும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

பழைய வீட்டுக்கு வாரிசுகள் பலர் இருப்பார்கள். பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது மூன்றிலும் யார் பெயர் என்று பாருங்கள். கையெழுத்துப் போடுகிறவர் அவரா, அல்லது மற்ற வாரிசுகளிடமிருந்து பவர் (அவர்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம்) வாங்கியவரா என்பதை உறுதிசெய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதி அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும்.

பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம். ஈரத்தில் உதிரும் பூச்சு வீட்டுக்காரர் பொறுப்பு என்று தனி வரி எழுதி வாங்கி, குடிபோகும் நாளில் ஒவ்வொரு சுவரின் அடிப்பகுதியையும் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.