ஹைசேர் வாங்கும்போது காலைப் பாருங்கள்

குழந்தையை உட்காரவைத்து ஊட்டும் உயர நாற்காலியான ஹைசேர் வாங்க வருபவர்கள் முதலில் மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள், அடுத்து சக்கரத்தை உருட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் விலை கேட்பார்கள். உட்கார்ந்த குழந்தையின் பாதம் எதன்மேல் நிற்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு. கால் எட்டாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். பத்து நிமிடத்தில் தொடை மரத்துப்போகும், உடம்பு ஒரு பக்கம் சாயும், இடது கை தானாகவே பிடிமானம் தேடும். குழந்தைக்கும் இதேதான் நடக்கிறது, சொல்லத்தான் தெரியாது. அது நெளியும், கீழே சரியும், முதுகை வில்லாக வளைத்து அழும். நாம் கஞ்சி பிடிக்கவில்லை போல என்று முடிவு கட்டிவிடுவோம்.

தாய்ப்பாலோடு மற்ற உணவைச் சேர்த்துக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வயது ஆறு மாதம். அதற்கு முன்பே நாற்காலியை வாங்கி மூலையில் வைக்க வேண்டியதில்லை. குழந்தையை உட்காரவைத்துப் பார்க்காமல் அளவும் தெரியாது. தரையில் பாய் விரித்து உட்காரவையுங்கள். இடுப்பில் லேசாகக் கை கொடுத்தால் போதும், தலை ஆடாமல் நிற்கிறது, கையில் கிடைத்ததை வாய்க்குக் கொண்டுபோகிறது, கரண்டி பட்டதும் நாக்கு வெளியே தள்ளுவது நின்றிருக்கிறது என்றால் நாற்காலிக்குத் தயார். அரிசி மூட்டை போல மடிந்து விழுந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். சுற்றிலும் தலையணை அடைத்து நிமிர்த்தி வைத்த குழந்தை உட்கார்ந்த குழந்தை ஆகாது. தாடை நெஞ்சில் புதைந்திருக்கும். அந்த நிலையில் விழுங்குவதும் சிரமம், மூச்சும் சிரமம்.

அதுவரை மடியே போதும். ஆனால் சங்கிலோ பாலாடையிலோ பால் புகட்டுவதுபோல மல்லாக்கப் படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டக் கூடாது. மடியில் நிமிர்த்தி, முதுகை உங்கள் வயிற்றில் சாய்த்து, முகம் முன்னால் பார்க்க உட்காரவையுங்கள்.

மூன்று அளவுகள்

கடைக்குப் போவதற்கு முன் தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குழந்தையை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் அளக்கலாம். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஓர் அளவு. மடிப்பிலிருந்து குதிகால் வரை இரண்டாவது. உட்காரும் இடத்திலிருந்து, தோளைத் தொங்கவிட்டு மடக்கிய முழங்கை வரை மூன்றாவது.

இருக்கையின் ஆழம் முதல் அளவைவிட இரண்டு விரல் குறைவாக இருக்க வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் முழங்கால் மடங்காது. கால் இரண்டும் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும், இடுப்பு பின்னால் உருளும், முதுகு கூன் விழும். இருக்கைக்கும் கால்பலகைக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டாவது அளவு. நுனிக்கால் பட்டால் போதாது, உள்ளங்கால் முழுவதும் பதிய வேண்டும். முன்னால் மாட்டும் சாப்பாட்டு ட்ரேயின் மேற்பரப்பு மூன்றாவது அளவுக்குச் சமமாகவோ விரல்கடை உயரமாகவோ இருக்கலாம். அக்குள் வரை ட்ரே வந்தால் குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டே சாப்பிட வேண்டும். சோற்றை அள்ள முடியாமல் வெறுமனே தட்டிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான ஹைசேர்கள் மூன்று வயது வரைக்கும் என்று செய்யப்படுபவை. அதனால் ஆறு மாதத்தில் எல்லாமே ஒரு சுற்று பெரிதாகத்தான் இருக்கும். அகலத்தைச் சரிசெய்வது எளிது: இரண்டு துண்டுகளை இறுக்கமாகச் சுருட்டி இடுப்புக்கு இருபுறமும் செருகினால் போதும். ஆழம் கூடுதலாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் கெட்டியான மெத்தைத் துண்டு ஒன்று வைக்கலாம். அமுங்கிப்போகும் தலையணை வேண்டாம். உயரம் மாற்ற முடியாத கால்பலகைதான் பெரிய தலைவலி. படத்தில் பலகை இருக்கும், ஆனால் ஆறு மாதக் காலுக்கு அது ஒரு சாண் கீழே இருக்கும். இருந்தும் இல்லாத கணக்குதான்.

இதற்கு நல்ல தீர்வு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. நார்வேயில் பீட்டர் ஓப்ஸ்விக் 1972-ல் வடிவமைத்த டிரிப் டிராப் நாற்காலியில், பக்கச் சட்டத்தின் உட்புறம் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். இருக்கைப் பலகையையும் கால்பலகையையும் வேண்டிய பள்ளத்துக்கு மாற்றிப் பூட்டலாம். விலைதான் எட்டாது. அதே தத்துவத்தில் வரும் மர நாற்காலிகள் இங்கேயும் கிடைக்கின்றன. ஆசாரியிடம் சொல்லிச் செய்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் மூன்றை விட்டுவிடாதீர்கள்: தரையில் ஊன்றும் கால்களின் அகலம் இருக்கையின் அகலத்தைவிட எல்லாப் பக்கமும் கூடுதலாக இருக்க வேண்டும், தொடைகளுக்கு நடுவே தடுப்புக் கட்டை வேண்டும், பெல்ட் கோக்கத் துளை வேண்டும். பள்ளிக்கூட பெஞ்ச் போல நேர்க்காலில் செய்தது எளிதாகக் கவிழும்.

எளிய பிளாஸ்டிக் வகையில் ஐகியா கம்பெனியின் ஆன்டிலோப் நாற்காலி பலருக்கும் தெரிந்தது. கழுவ அதைவிட எளிதான நாற்காலி அரிது, ஆனால் கால்பலகை இல்லாமல் வரும். அந்த வடிவ நாற்காலி எதை வாங்கினாலும் அதன் கால்களில் மாட்டும் பலகையைத் தனியாக வாங்கிப் பொருத்துங்கள். கீழே அட்டைப்பெட்டியோ ஸ்டூலோ வைத்துச் சமாளிக்க வேண்டாம். நாற்காலியோடு சேர்ந்து நிற்காத எதையும் குழந்தை உதைக்கும். உதைத்த வேகத்தில் நாற்காலி பின்னால் போகும்.

பத்துக் கிலோ அரிசிப்பை

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆறு மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ, பெண் குழந்தைக்கு 7.3. ஒரு வயதில் 9.6, 8.9. எனவே வீட்டில் இருக்கும் பத்துக் கிலோ அரிசிப்பையே நல்ல சோதனைக் கருவி. நாற்காலி வந்ததும் பையை இருக்கையில் வைத்துப் பெல்ட்டைப் போடுங்கள். முதுகுப்பலகையின் மேல்விளிம்பைப் பிடித்துப் பின்னால் இழுங்கள், பிறகு பக்கவாட்டில், பிறகு ட்ரேயை முன்னால். லேசான இழுப்புக்கே இரண்டு கால்கள் தரையை விட்டு எழும்பினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கால்களின் அடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரமான டைல்ஸ் தரையில் வெறும் பிளாஸ்டிக் கால் வழுக்கும். சக்கரம் இருந்தால் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தள்ளிப்பாருங்கள். நான்கு சக்கரத்துக்கு இரண்டு பிரேக் மட்டும் இருக்கும் வகையில் நாற்காலி நகராது, ஆனால் வட்டமடிக்கும். உண்மையில் வீட்டுக்குச் சக்கரமே தேவையில்லை.

மடக்கும் நாற்காலியில் பூட்டு இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்து மறுபக்கம் விழாமல் நிற்பதுதான் வழக்கமாக ஆகிற தவறு. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், எடை ஏறியதும் மடங்கும். பிறகு ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு மூட்டு, துளை, இடுக்கு எல்லாவற்றிலும் நுழைத்துப்பாருங்கள். பென்சில் போகிற இடத்தில் குழந்தையின் விரலும் போகும், திரும்பி வராமலும் போகலாம்.

பெல்ட்டும் நடுக்கட்டையும்

ட்ரே மாட்டியிருக்கிறதே, பெல்ட் எதற்கு என்று நினைப்பதுதான் ஆபத்து. குழந்தை மேலே எழுந்து விழுவதை மட்டும்தான் பலரும் கற்பனை செய்கிறார்கள். கீழே சரிவது அதைவிட மோசம். ஈரமான பிளாஸ்டிக்கில் இடுப்பு முன்னால் வழுக்கும், கால்கள் ட்ரேக்கு அடியில் இறங்கும், உடம்பும் கூடவே போகும். தலை மட்டும் போகாது. கழுத்து ட்ரேயின் விளிம்பில் மாட்டும். அப்போது சத்தமும் வராது. இதைத் தடுப்பது தொடைகளுக்கு நடுவே இருக்கும் கட்டையும் இடுப்பு பெல்ட்டும். அந்தக் கட்டை ட்ரேயோடு சேர்ந்து கழன்று வருகிறதா, இருக்கையோடு நிற்கிறதா என்று பாருங்கள். இருக்கையோடு நிற்பதை வாங்குங்கள். ட்ரேயைக் கழற்றி மேசையருகே உட்காரவைக்கும்போதும் அது காவலுக்கு இருக்கும்.

ஐந்து முனை பெல்ட் என்றால் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, நடுவே ஒன்று. ஆறு மாதத்துக்கு அதுதான் நல்லது. போட்ட பிறகு பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் தளர்ச்சி. ட்ரேக்கும் வயிற்றுக்கும் மூன்று விரல் இடைவெளி போதும்.

சாயும் முதுகு, ஆடும் கால் என்று ஆறு வேலை ஒரே நாற்காலியில் செய்யும் வகைகள் விற்கின்றன. சாய்வு புட்டிப்பாலுக்கு மட்டும்தான். கூழோ பருப்புச் சாதமோ கொடுக்கும்போது முதுகு நேராக இருக்க வேண்டும். சாய்ந்த குழந்தையின் வாயில் வைத்த உணவு அது மெல்லத் தொடங்கும் முன்பே தொண்டைக்கு வழுக்கிப் போகும்.

மெத்தை, மஞ்சள், எறும்பு

நாற்காலியின் ஆயுளைத் தீர்மானிப்பது நம் சாப்பாடுதான். பூப்போட்ட ரெக்சின் மெத்தை கடையில் அழகாக இருக்கும். சென்னை வெயிலில் குழந்தையின் தொடை அதில் ஒட்டிக்கொள்ளும், வேர்க்குரு வரும். தையல் ஓட்டையில் கூழ் இறங்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஓராண்டுக்குள் மேல்தோல் உரியத் தொடங்கினால் உரித்து வாயில் போட ஆள் தயாராக இருக்கும். மெத்தை இல்லாத பிளாஸ்டிக்கோ மரமோ வாங்கி, தேவையானால் ஒரு பருத்தித் துணியை மடித்துப் போடுங்கள்.

பருப்புச் சாதம் பெல்ட்டில் பட்டால் அப்போதே துடையுங்கள். காய்ந்துவிட்டால் வேட்டிக்குக் கஞ்சி போட்டதுபோல விறைக்கும். நெய் வாசனைக்கு எறும்பு வரிசை கட்டும். பக்கிளுக்குள் ஒரே ஒரு சோற்றுப்பருக்கை சிக்கினாலும் முழுதாகப் பூட்டாமல் பாதியில் நிற்கும். வாரம் ஒருமுறை பெல்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, பக்கிளின் உள்ளே பழைய டூத்பிரஷால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். ஆகவே பெல்ட் கழற்றும்படி இருக்கிறதா என்பது வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

வெள்ளை ட்ரேயில் மஞ்சள் கறை ஏறாமல் இருக்காது. சோப்பு பட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் ஒரு மதியம் வைத்தால் கறை வெளுத்துவிடும். ட்ரேயின் நீள அகலத்தை உங்கள் சிங்க்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிங்க்கில் அடங்காத ட்ரே நான்காம் நாளிலிருந்து ஈரத்துணித் துடைப்போடு நின்றுவிடும். ஒரு கையால் கழற்ற முடிகிறதா என்பதும் முக்கியம், மறு கையில் குழந்தை இருக்கும்.

பழைய நாற்காலி வாங்கினால் திருகாணிகளை இறுக்கி, பெல்ட்டைப் புதிதாக மாற்றுங்கள். பெயின்ட் அடித்த பழைய மர நாற்காலியை மட்டும் தவிர்ப்பது நல்லது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் (90 பிபிஎம்) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பல் முளைக்கும் குழந்தை கடிக்கிற முதல் இடம் ட்ரேயின் விளிம்பு.

ஹைசேர் இல்லாமலே

தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் உயரமான நாற்காலி குழந்தையைத் தனியாக மேலே ஏற்றிவிடும். நம் வாயைப் பார்த்துத்தான் அது மெல்லக் கற்கிறது. அங்கே உயரம் குறைந்த, ட்ரேயும் பெல்ட்டும் உள்ள தரை நாற்காலி பொருந்தும். ஆனால் அதைத் தூக்கி மேசைமேலோ கட்டில்மேலோ வைக்கக் கூடாது. சாப்பாட்டு நாற்காலியில் கட்டும் பூஸ்டர் (உயரம் கூட்டும் சிறு இருக்கை) என்றால் இரண்டு பட்டைகள் இருக்க வேண்டும்: ஒன்று முதுகுப்பலகையைச் சுற்றி, ஒன்று இருக்கைக்கு அடியில். லேசான பிளாஸ்டிக் நாற்காலியில் அதைக் கட்டாதீர்கள், பட்டை வழுக்கும், நாற்காலியே கவிழும். மேசை விளிம்பில் கவ்வும் வகை, கண்ணாடி மேசைக்கும் ஒற்றைக்கால் மேசைக்கும் ஆகாது. மேசைவிரிப்பின் மேலும் மாட்டக் கூடாது.

வாக்கரில் உட்காரவைத்து ஊட்டுவது நம் ஊரில் சாதாரணம். பாதி எடை தொங்கும், பாதி எடை நுனிக்காலில் நிற்கும். வாயில் சோற்றோடு குழந்தை ஓடும். கனடாவில் 2004 முதல் வாக்கர் விற்பனைக்கே தடை. சாப்பாட்டுக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

வீட்டில் நாற்காலியை வைக்கும் இடமும் கவனிக்க வேண்டியது. மேசையையும் சுவரையும் குழந்தையின் கால் உதைத்துத் தள்ள முடியாத தூரத்தில் வையுங்கள். அடுப்பு, மிக்ஸி ஒயர், திரைச்சீலைக் கயிறு எதுவும் கைக்கு எட்டக் கூடாது. முதல் இரண்டு நாள் வெறும் கரண்டியும் கிண்ணமும் கொடுத்து ஐந்து நிமிடம் உட்காரவைத்தால் போதும். பிறகு ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் நாற்காலியைப் பார்த்தாலே அழத் தொடங்கும். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க ஒரு பெரியவர் எதிரில் இருக்க வேண்டும். குமட்டினால் முகம் சிவக்கும், இருமல் சத்தம் வரும்; அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தொண்டை அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, அடுத்த அறையிலிருந்து காதால் காவல் காக்க முடியாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கால்பலகையைப் பாருங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறிவிட்டதென்றால் பலகையை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். இடுப்புக்கு வைத்த துண்டுகளில் ஒன்றை எடுத்துவிடும் நேரமும் அநேகமாக அதேதான்.