ஒரே அறையில் பல வகுப்பு: ஈராசிரியர் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு செய்முறை

தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் கணக்கு. வகுப்புகளோ ஐந்து. அதனால் கிராமத்து ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவர் 1, 2, 3 வகுப்புகளையும் இன்னொருவர் 4, 5 வகுப்புகளையும் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமை ஆசிரியரும். பயிற்சிக் காலத்தில் நாம் எழுதிய பாடக்குறிப்புகள் எல்லாம் ஒரு வகுப்பு, ஒரு பாடம், 40 நிமிடம் என்ற அளவில் இருந்தவை. மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து நம்மைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பு கைகொடுப்பதில்லை.

மூன்று வகுப்புக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்தினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதி இரண்டு பங்கு நேரம் நீங்கள் பக்கத்தில் இல்லாமலே கழியும். அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் திட்டமிட வேண்டும். நீங்கள் நடத்தப்போகும் பாடத்தை அதற்கு அப்புறம் எழுதலாம். கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

முதல் படி: யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

முதல் வாரம் புத்தகத்தைத் திறக்க அவசரப்படாதீர்கள். ஒரு தாளில் நான்கு பகுதிகள் எழுதிக்கொள்ளுங்கள்: பத்து எழுத்துகள், பத்து எளிய சொற்கள், நான்கு சின்ன வாக்கியங்கள், ஒரு சின்னப் பத்தி. கணக்குக்கு இன்னொரு தாள்: 99 வரை எண்களை வாசிப்பது, கடன் வாங்கிக் கழிப்பது, எளிய வகுத்தல். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு நான்கைந்து நிமிடம் போதும். மற்றவர்கள் அதுவரை படம் வரையட்டும்.

நான்காம் வகுப்பில் சொல் வாசிக்கத் திணறும் பிள்ளையும், இரண்டாம் வகுப்பிலேயே பத்தி வாசிக்கும் பிள்ளையும் ஒரே பள்ளியில் இருப்பார்கள். எந்த வகுப்பு என்பதும் எந்த நிலை என்பதும் வேறு வேறு. 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததன் அடிப்படையும் இதுதான். தமிழுக்கும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் இப்படி நிலை வாரியாக உட்கார வையுங்கள். சூழ்நிலையியல், பாட்டு, கதை, ஓவியம் எல்லாவற்றுக்கும் கலந்து உட்காரட்டும். நாள் முழுக்க ஒரே குழுவில் இருக்கும் பிள்ளைக்குத் தான் எந்தக் குழு என்பது சீக்கிரமே புரிந்துவிடும். அந்த முத்திரை ஒருமுறை விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது ரொம்பக் கஷ்டம். குழுக்களுக்கு எண் வைக்காதீர்கள். மைனா, கிளி, சிட்டு என்று பிள்ளைகளே பெயர் வைக்கட்டும்.

இரண்டாம் படி: அறையை மாற்றுங்கள்

எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்கார்ந்தால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்க மட்டும்தான் முடியும். பாய்களை மூன்று மூலைகளில் விரியுங்கள். நீங்கள் எந்தக் குழுவோடு உட்கார்ந்தாலும் முதுகு சுவர்ப்பக்கம் இருக்கட்டும், மற்ற இரண்டு குழுக்களும் கண்ணில் படட்டும். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை தீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்த காலத்தில் பல பள்ளிகளில் தீட்டியவை அவை. வெள்ளையடித்து மறைத்திருந்தால் மறுபடி கறுப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓரடி இடம் கிடைத்தால்கூடப் போதும், நீங்கள் இருந்த இடத்திலிருந்தே யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: நேரத்தைப் பிரியுங்கள்

தொடக்கத்தில் மூன்று குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தை வையுங்கள். ஒரு குழு கணக்கு, ஒரு குழு தமிழ், ஒரு குழு ஆங்கிலம் என்று வைத்தால் உங்கள் மனசு நாள் முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கும். பழகிய பிறகு அதையும் செய்யலாம்.

இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து 80 நிமிடமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 10 நிமிடம் எல்லாரும் ஒன்றாக. அடுத்து 20 நிமிடமாக மூன்று சுற்று. கடைசி 10 நிமிடம் மறுபடி ஒன்றாக, செய்ததைக் காட்ட. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழு உங்களோடு, ஒரு குழு ஜோடி ஜோடியாக, ஒரு குழு தனித்தனியாக. முதல் சுற்றில் சின்னப் பிள்ளைகளோடு உட்காருங்கள். பெரியவர்கள் கரும்பலகையில் எழுதிப்போட்டதை வாசித்துத் தாங்களே தொடங்கிவிடுவார்கள், சின்னவர்களால் அது முடியாது. சுற்று மாறும்போது உடனே அடுத்த குழுவில் போய் உட்காராமல், அறையை ஒருமுறை சுற்றி வாருங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் யார் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிக்காரர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையிலும் ஆசிரியர் உதவியோடு, பாதி உதவியோடு, சக மாணவர் உதவியோடு, தானாக என்றுதான் குழு பிரிப்பார்கள். அட்டைகளில் சின்னங்கள், செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணி, அதில் ஒவ்வொரு கட்டமாக வரும் மைல்கல் எல்லாம் அதிலிருந்து 2003-இல் செயல்வழிக் கற்றலாகச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. பழைய அட்டைகள் உங்கள் பள்ளி அலமாரியில் கட்டுக்கட்டாக இருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாடப்புத்தகம் மாறியிருக்கலாம், சொல் அட்டையும் கழித்தல் அட்டையும் மாறுவதில்லை.

நான்காம் படி: நீங்கள் இல்லாத நேரத்துக்கான வேலை

அதிகம் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். தானாகச் செய்யக் கொடுக்கும் வேலை ஏற்கெனவே நீங்கள் நடத்திய விஷயத்தில் இருக்க வேண்டும். புதிதாகக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து உங்களைக் கேட்பார்கள், உங்களோடு இருக்கும் குழுவின் பாடம் கெடும். சரியா தப்பா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். கழித்தல் அட்டையின் பின்பக்கம் விடை எழுதியிருக்கட்டும். ஜோடியாகச் சொல்வதெழுதுதல் செய்யட்டும்: ஒருவர் புத்தகம் பார்த்துச் சொல்ல, மற்றவர் சிலேட்டில் எழுத, பிறகு இருவரும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சீக்கிரம் முடிப்பவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாசிப்பு மூலையில் கதைப் புத்தகங்கள் இருந்தால் அங்கே போகட்டும்.

‘பார்த்து எழுது’ என்று நான்கு பக்கம் கொடுத்தால் அறை அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பாதீர்கள். ஜோடியாகக் கணக்குப் போடும் பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்வார்கள், அது வேலை நடக்கும் சத்தம்.

ஒரு முழுப் பாடம்: சந்தை

ஐந்து வகுப்புக்கும் ஒரே தலைப்பை வைத்துக் கணக்கு நடத்துவதைப் பார்ப்போம்; உங்கள் அறையில் இருக்கும் நிலைகளுக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 10 நிமிடம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஊர்ச் சந்தையைப் பற்றிப் பேசட்டும். யார் என்ன வாங்கினார்கள், தக்காளி என்ன விலை, கீரைக்கட்டு என்ன விலை என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல நீங்கள் கரும்பலகையில் விலைப்பட்டியல் எழுதுங்கள். இந்தப் பட்டியல்தான் இன்றைக்கு எல்லாருக்கும் பாடப்புத்தகம்.

ஒன்றாம் வகுப்பு நிலையில் இருப்பவர்கள் புளியங்கொட்டையை ரூபாயாக வைத்து, அட்டையில் உள்ள விலைக்கு எண்ணி வைப்பார்கள். 20 வரை போதும். அடுத்த நிலையில் இரண்டு பொருள்களின் விலையைக் கூட்டுவார்கள். கீரை 25, வெங்காயம் 18, மொத்தம் 43. துடைப்பக்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தால் பத்துக் கட்டு சேருவதைக் கையாலேயே பார்ப்பார்கள். மூன்றாம் நிலையில் அதே 43-க்கு 100 ரூபாய்த் தாள் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். 57 வருவதற்கு இரண்டு இடத்தில் கடன் வாங்க வேண்டும், அங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். இன்று அவர்களோடு உட்கார்ந்து நீங்கள் நடத்த வேண்டிய பாடம் அதுதான்.

நான்காம் நிலைக்கு எடை வரட்டும். ஒரு கிலோ 48 ரூபாய் என்றால் அரைக் கிலோ 24, கால் கிலோ 12, முக்கால் கிலோ 36. கூடவே கால், அரை, முக்கால் என்பவற்றை பின்னமாகவும் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் நிலையில் ஒரு கிலோ 250 கிராமுக்கு எவ்வளவு என்று கேட்கலாம். விடை 60. ஒருவர் 48-ஐயும் 12-ஐயும் கூட்டுவார், இன்னொருவர் கிராமுக்கு மாற்றிப் பெருக்குவார், இரண்டையும் கரும்பலகையில் எழுதி ஒப்பிட்டுப் பேசட்டும்.

கடைசி 10 நிமிடம் நிஜமாகவே கடை போடுங்கள். பெரியவர் கல்லாவில் உட்காரட்டும், சின்னவர் வாங்கட்டும், இடையில் இருப்பவர் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கட்டும். பல வகுப்புகள் ஒன்றாக இருப்பதால் கிடைக்கும் லாபம் இது. வயது கலந்து இப்படி விளையாடிக் கற்பதைத் தனித்தனி வகுப்புள்ள பள்ளியில் ஏற்பாடு செய்வது சிரமம்.

ஐந்தாம் படி: பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தருவது

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னையில் சிறுவர் ஆதரவற்றோர் இல்லப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார், மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குச் சொல்லித்தரவும் வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அது அங்கே சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

முறை பழையது, ஆனால் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். நன்றாகப் படிக்கும் ஒரே பிள்ளையைத் தினமும் குட்டி ஆசிரியராக்கினால் அதன் சொந்தப் படிப்பு நின்றுபோகும். பெற்றோர் வந்து கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு சுற்று மட்டும், வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். தமிழில் பின்தங்கிய பிள்ளை கணக்கில் கெட்டியாக இருக்கும், அதற்கும் ஒரு வாரம் கொடுங்கள். அப்புறம், சொல்லித்தருவது எப்படி என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். விடையைச் சொல்லாதே, குச்சியை வைத்துச் செய்துகாட்டு, தம்பி தானாகச் செய்யும்வரை காத்திரு. எல்லார் முன்னாலும் ஒருமுறை நடித்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். அடிக்கவோ திட்டவோ கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: சின்னச் சின்னப் பழக்கங்கள்

சந்தேகம் வந்தால் முதலில் ஜோடியைக் கேள், அப்புறம் குழுவைக் கேள், கடைசியில் டீச்சரை அல்லது சாரைக் கேள். இந்த ஒரு பழக்கம் படிந்தாலே உங்கள் 20 நிமிடம் உங்களுக்குக் கிடைக்கும். சுற்று மாற மணி அடிக்கலாம், கை தட்டலாம். தண்ணீர் குடிக்க, வெளியே போக அனுமதி கேட்காமல் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு போய்வரட்டும்.

எல்லா நோட்டையும் தினமும் திருத்தப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு குழுவின் நோட்டு போதும், மற்றவை சிலேட்டிலும் கீழ்ப்பலகையிலும் முடிந்துவிடும். மேசையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, யார் எதில் தடுமாறினார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மாதம் ஒருமுறை முதல் படியில் சொன்ன அதே வாசிப்புத் தாளை வைத்து மறுபடி பார்த்துக் குழுவை மாற்றுங்கள். கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்றும் பதிவு ஒருபக்கம் இருக்கட்டும், நாளைக்கு யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை இந்த நோட்டுதான் சொல்லும்.

இன்னொரு ஆசிரியர் வராத நாள்

உடன் வேலை பார்ப்பவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போகலாம், உடம்பு சரியில்லாமல் போகலாம். அன்றைக்கு ஐந்து வகுப்பும் உங்களுடையதுதான். அந்த நாளுக்காக ஒரு பையைத் தனியாக வைத்திருங்கள். ஐந்து நிலைக்கும் போதுமான வாசிப்பு அட்டைகள், விடையுள்ள கணக்கு அட்டைகள், சத்தமாக வாசிக்க ஒரு நல்ல கதைப் புத்தகம், புளியங்கொட்டை, சாக்பீஸ், பழைய நாளிதழ்கள். அன்று புதுப் பாடம் எடுக்க வேண்டாம். காலையில் எல்லாருக்கும் கதை, பிறகு வயது கலந்த குழுக்களில் அந்தக் கதையை வைத்தே வேலை: சின்னவர்கள் படம், அடுத்தவர்கள் படத்துக்குக் கீழே சொற்கள், பெரியவர்கள் கதையின் முடிவை மாற்றி எழுதுவது. மதியம் சத்துணவுக்குப் பிறகு நாளிதழிலிருந்து எழுத்து தேடுவது, எண் தேடுவது, தலைப்பு வாசிப்பது. பையில் எடுத்ததை அன்று மாலையே சரிபார்த்துத் திரும்ப வையுங்கள், கிழிந்த அட்டைக்குப் பதில் புதிது எழுதிப் போடுங்கள். அடுத்த முறை உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அதே பையைத் திறக்கப்போவது உங்கள் உடன் ஆசிரியர்.