பாயின்ட்டைப் பணமாக்காதீர்கள், டிக்கெட்டாக்குங்கள்

கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயின்ட்டுகளை பில்லில் கழித்துக்கொள்ளாமல் விமான டிக்கெட்டுக்கோ ஹோட்டல் அறைக்கோ பயன்படுத்துங்கள். ஒரே பாயின்ட்டுக்கு, அதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து வங்கி வேறு வேறு மதிப்பு தருகிறது. உதாரணமாக, எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டு கார்டில் ஒரு பாயின்ட் பில்லில் கழித்தால் 20 பைசா, அந்த வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் டிக்கெட் எடுத்தால் 50 பைசா. 10,000 பாயின்ட்டுக்கு 2,000 ரூபாயா, 5,000 ரூபாயா?

ஸ்மார்ட்பையில் முழுக் கட்டணத்தையும் பாயின்ட்டில் அடைக்க முடியாது, மிச்சத்தைக் கார்டில் கட்ட வேண்டும். அதே டிக்கெட் விமான நிறுவனத்தின் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம், பில்லை முழுதாகக் கட்டாமல் பாக்கி வைப்பவர்களுக்கு இது உதவாது. மாதாமாதம் ஏறும் வட்டி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.