3,680 பவுண்ட் வரி 575 ஆனது எப்படி

அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு 1973 ஃபியாட் 124 ஸ்பைடர் கொண்டுவந்தேன். கார் 10,000 பவுண்ட். கப்பலும் காப்பீடும் 1,500. ஏஜென்ட் போட்ட வரி 3,680: மொத்தத்துக்கும் 10% சுங்கம், அந்தச் சுங்கத்தையும் சேர்த்து 20% வாட் (மதிப்புக் கூட்டு வரி). நான்கு நாள் வேறு ஏஜென்ட்களிடம் அலைந்தேன். அவர்கள் கட்டணம் மாறியதே தவிர வரி அசையவில்லை.

அப்புறம்தான் படிவத்தில் சரக்குக் குறியீட்டைப் பார்த்தேன்: 8703, சாதாரண கார். 30 ஆண்டு தாண்டி, அந்த மாடல் உற்பத்தியும் நின்று, சேஸிஸ், ஸ்டீயரிங், பிரேக், எஞ்சின் பெரிதாக மாறாமல் இருந்தால் 9705-இல், அதாவது சேகரிப்புப் பொருள்களுக்கான குறியீட்டில், வரும். சுங்கம் இல்லை, வாட் 5% மட்டும். குறுக்கே நின்றது இன்வாய்ஸில் இருந்த ஒரு சொல்: 'மாற்றியமைக்கப்பட்டது'. உண்மையில் மாறியது பெயின்ட்டும் சீட் உறையும்தான். விற்றவரிடம் அதைச் சரியாக எழுதி வாங்கி, எஞ்சின், சேஸிஸ் எண் படங்களோடு கொடுத்தேன். 575 பவுண்டில் முடிந்தது. அப்பாடா!