கூலியையும் தராசையும் பற்றிய வசனங்களைத் தோட்டத்தில் வாசிப்பது எப்படி

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் லயத்து (வரிசை) வீடுகளில் ஞாயிறு மாலை நடக்கும் ஜெபக்கூட்டங்களில் ஆறுதல் தரும் வசனங்களே பெரும்பாலும் வாசிக்கப்படுகின்றன. ஆறுதல் தேவைதான். ஆனால் கூலி, தராசு, காணி ஆகியவற்றைப் பற்றியும் வேதாகமம் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. அந்தப் பகுதிகளையும் வாசித்து அவற்றின்படி நடக்க விரும்பும் குழுக்களுக்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன். ஒரு கூட்டத்துக்கு ஒரு பகுதி போதும்.

யாக்கோபு 5:1–6 இல் தொடங்கலாம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் அதை நிதானமாக உரக்க வாசிக்கட்டும். பிறகு, இங்கே பேசப்படுவது யாரிடம் என்று கேளுங்கள். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட செல்வந்தரிடம்தான் யாக்கோபு கடிந்து பேசுகிறார். பிடிக்கப்பட்ட அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். பொறுமையாயிருக்கும்படி சொல்லும் 7 ஆம் வசனம் இதற்குப் பின்னரே வருகிறது. கண்டனத்தை விட்டுவிட்டுப் பொறுமையை மட்டும் தொழிலாளரிடம் போதிப்பது யாக்கோபுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

அடுத்த கூட்டத்துக்கு நீதிமொழிகள் 11:1 ஐ வைத்துக்கொள்ளுங்கள்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடப்பதை ஒவ்வொருவரும் உள்ளபடி சொல்லட்டும். சாக்கின் எடைக்கென்றும் மழை நாளில் ஈரத்துக்கென்றும் கிலோக்கணக்கில் கழிக்கிறார்களா? தராசின் முள்ளோ எண்ணோ நிறுக்கக் கொடுப்பவரின் கண்ணுக்குத் தெரிகிறதா? பேச்சோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு முறை நிறுத்ததும் எடையையும் கழிவையும் ஒரு சிறு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு லயத்துப் பள்ளிப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். மாத முடிவில் அதைச் சம்பளச் சிட்டையோடு ஒப்பிடுங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கென்று பிடித்த தொகையையும் அப்போதே பாருங்கள். கணக்கு உதைத்தால் ஒருவர் தனியே போய்க் கேட்க வேண்டாம், ஏனெனில் தனியே கேட்டவரின் பெயர்தான் நினைவில் வைக்கப்படும். நான்கைந்து பேராகக் கொப்பிகளோடு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் செல்லுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

இதே அளவுகோலை நம்மீதும் வைக்க வேண்டும். பல குழுக்கள் இந்த இடத்தில்தான் தயங்குகின்றன. மரக்கறித் தோட்டம் போட்டு நாட்கூலிக்கு ஆள் வைப்பவர்களும் கடை நடத்துபவர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். உபாகமம் 24:14–15 அன்றைய கூலியைப் பொழுது போவதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது. "அடுத்த கிழமை பார்க்கலாம்" என்று சொல்லும் நாம் அந்த வசனத்தின் முன் எங்கே நிற்கிறோம்? ஒரே வரப்பில் ஒரே வேலையைச் செய்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகக் கொடுக்கும் வழக்கத்தையும் அன்றே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மத்தேயு 20:1–16 ஐக் கவனமாகக் கையாள வேண்டும். அது பரலோக ராஜ்யத்தைப் பற்றிய உவமை, சம்பளச் சட்டம் அன்று. "பேசிய கூலிக்கு மேல் கேட்காதே" என்று தொழிலாளரின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்துவோர் உண்டு. உவமையின் எஜமானோ கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கும் முழுநாள் கூலியைக் கொடுக்கிறார். குறித்த கிலோவுக்குக் கொழுந்து வராத நாளில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்பட்ட பெண்ணுக்கு இந்தக் கதை எப்படிக் கேட்கும் என்பதை அவரிடமே கேளுங்கள். 2021 இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாய் நாட்சம்பளத்தை நிர்ணயித்த பின்னரும், எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் (முழுநாள் சம்பளம்) என்பதே பல தோட்டங்களில் பிணக்காக இருந்தது.

காணியைப் பற்றிப் பேசும் நாளில் எண்ணாகமம் 27 ஐ வாசிக்கலாம். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் சபை முழுவதற்கும் முன்பாக நின்று தங்கள் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரியென்று கர்த்தர் சொன்னார். வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணி கிடைத்த குடும்பங்கள், காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததா, அதில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். வராதவர்களின் பெயர்களையும் வீட்டு இலக்கங்களையும் ஒரே தாளில் எழுதி, பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தோடு இணையுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.