வெள்ளைத் தாளைக் கொடுக்காதீர்கள்: குழந்தைகளோடு வரையத் தொடங்க ஒரு செய்முறை

"அத்தை, என்ன வரையறதுன்னே தெரியல."

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைக் கேட்காத வாரம் கிடையாது. அண்ணன் மகள், மாடி வீட்டு இரட்டையர், எதிர்வீட்டுப் பையன் என்று ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நாலு வயது முதல் பத்து வயது வரை. தாளும் கிரேயானும் கைக்குப் போன ஐந்தாவது நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் அப்படிச் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர்கள் இரண்டு மலை வரைவார்கள். நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. நீங்களும் நானும் வரைந்த அதே படம்.

அந்தப் படத்தில் தப்பு ஒன்றும் இல்லை. எப்போது வரைந்தாலும் "சூப்பர்" என்று பாராட்டு கிடைத்த படம் அது. என்ன செய்வதென்று தெரியாதபோது குழந்தை அதை எடுத்து நீட்டுகிறது. கோளாறு எங்கே என்று பார்த்தால் எனக்கு அந்த வெறும் தாள்தான் கண்ணில் பட்டது. அதனால் வெள்ளைத் தாளைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். தாள் கைக்குப் போகும்போதே அதில் ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு காபிக் கறை, ஓர் இலையின் தடம், நாலு புள்ளி. அதைக் கண்டதும் "இது எது மாதிரி இருக்கு?" என்று குழந்தையே தேட ஆரம்பித்துவிடும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வழியின் கிளைகள்தான்.

முதலில் சாமான்கள்

பெரிதாக வாங்க ஒன்றுமில்லை. 12 நிற மெழுகு கிரேயான் ஒரு டப்பா, வாட்டர் கலர் கேக் ஒன்று, தடித்த தூரிகை ஒன்று, கறுப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்று. தாளுக்குத் தினசரி காலண்டரில் கிழித்தவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள், கல்யாணப் பத்திரிகையின் உள்தாள் எல்லாம் ஆகும். கை துடைக்கப் பழைய பனியன் துணி.

அழிரப்பர் மட்டும் வேண்டாம். இதில் நான் கறாராக இருப்பேன். ரப்பர் பக்கத்தில் இருந்தால் ஒரு மூக்கை எட்டுத் தடவை அழித்து, தாள் கிழிந்து, அழுகையில் போய் முடியும். இல்லாவிட்டால் தப்பாகப் போன கோடு தும்பிக்கையாகவோ வாலாகவோ மாறும்.

1. கறையிலிருந்து ஒரு மிருகம்

நாலு வயதுப் பிள்ளைக்கும் இது வரும். முதல் நாள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறிய காபி டிகாக்‌ஷனோ திக்கான டீயோ ஒரு ஸ்பூன் எடுத்துத் தாளின் நடுவில் விடுங்கள். குழந்தை தாளை இப்படியும் அப்படியும் சாய்த்து அதை ஓட விடட்டும். ஸ்ட்ரா இருந்தால் ஊதச் சொல்லுங்கள், நாலு பக்கமும் கிளை பிரியும். பிறகு ஃபேனுக்கு அடியில் காய வையுங்கள். மெல்லிய தாளென்றால் கால் மணி நேரம் போதும்.

காய்ந்ததும் செய்ய வேண்டியதுதான் முக்கியம்: தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நாலு பக்கமும் தலைகீழாகவும் பக்கவாட்டிலும். அவசரப்படுத்தாதீர்கள். போன மாதம் அண்ணன் மகள் ஒரு கறையை மூன்று தடவை சுற்றினாள். முகத்தருகே கொண்டுபோனாள், கை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தாள். "அத்தை, ஆமை! பல்லு தேய்க்குது!" என்றாள். எனக்கு அதுவரை ஆமையும் தெரியவில்லை, பிரஷ்ஷும் தெரியவில்லை. அவள் கறுப்புப் பேனாவால் ஒரு கண், நாலு கால், ஒரு பிரஷ், அவ்வளவுதான் போட்டாள். அதன்பின் என் கண்ணுக்கு ஆமையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

பேனாவால் நாலைந்து கோடு போதும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கறை முழுக்க நிறம் அடித்தால் கறை செத்துவிடும்.

இது பழைய வித்தை. ஈரம் பூத்த சுவர்களையும் பல நிறக் கற்கள் கலந்த சுவர்களையும் உற்றுப் பார்த்தால் மலையும் ஆறும் போர்க்களமும் முகங்களும் தெரியும் என்று லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால், சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் பிள்ளைகளை அதன் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

2. இலைத் தேய்ப்பு

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலை பறிக்கப் போவதிலேயே பாதி வேலை இருக்கிறது. தெருவில் பிள்ளைகளோடு நடந்து பூவரசு, அரசு, வேம்பு, கொய்யா, செம்பருத்தி என்று ஐந்தாறு வகை சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நரம்பு விரலில் தட்டினால் அந்த இலை ஆகும். கொய்யா இலை அருமையாக வரும். துளசி, கற்பூரவல்லி போல மென்மையாகவோ சாறு நிறைந்தோ இருப்பவை வேண்டாம், நசுங்கித் தாளை நனைத்துவிடும்.

செய்யும் முறை: இலையை நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி தரையில் வையுங்கள். அதன் மேல் மெல்லிய தாள். கிரேயானின் காகித உறையை உரித்துவிட்டு, நுனியால் கிறுக்காமல், படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். தாள் நகராமல் இன்னொரு கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இது கைவராது, நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தி. முதலில் நடுநரம்பு எட்டிப் பார்க்கும், அப்புறம் பக்க நரம்புகள், கடைசியில் விளிம்பு. ஒன்றுமில்லாத தாளிலிருந்து இலை எழுந்து வரும் அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

இலை தெரிகிறது, சரி. அடுத்தது என்ன? மறுபடியும் அதே கேள்விதான்: இது என்ன? பூவரசு இலை இரண்டை அக்கம்பக்கமாகத் தேய்த்தால் யானைக் காது. வேப்பிலையின் ரம்பப்பல் விளிம்பு முதலையின் முதுகு. அரசிலையின் நீண்ட நுனி எலி வாலாகும். கொய்யா இலை மீன், நரம்புகள்தான் முள். நிறத்தை மாற்றி மாற்றித் தேய்த்து ஒரு காட்டையே கொண்டுவந்தான் எதிர்வீட்டுப் பையன். இரண்டு மலையை விட்டு வேறெதையும் தொடாமல் இருந்தவன் அவன்.

இன்னொரு படி போகலாம். தேய்த்த படத்தின் மேல் வாட்டர் கலரை நிறையத் தண்ணீர் விட்டுப் பூசுங்கள். மெழுகு தண்ணீரை ஏற்காது என்பதால் நரம்பெல்லாம் அப்படியே நிற்க, இடைவெளியில் மட்டும் நிறம் ஊறும். வெள்ளைக் கிரேயானால் தேய்த்துவிட்டு நீலம் பூசினால், காணாமல் இருந்த இலை தண்ணீருக்குள் தெரிவது போலத் தெரியும். இதற்கு மட்டும் கொஞ்சம் கெட்டித் தாள் வேண்டும், காலண்டர் தாள் கிழிந்துவிடும்.

இலையோடு நிற்க வேண்டாம். கூடைப் பின்னல், நாணயம், செருப்பின் அடி, வாசல் கிரில், கிரைண்டர் கல் என்று எதன் மேலும் தேய்க்கலாம். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் 1925இல் மரத்தரையின் மேல் தாளைப் போட்டுத் தேய்த்துப் பார்த்து, அந்த வரிகளிலிருந்து காடுகளும் பறவைகளும் உண்டாக்கினார்.

3. காய்கறி அச்சு

முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. பாகற்காய் வெட்டில் விளிம்பெல்லாம் மேடுபள்ளம். வாழை மட்டையைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், உள்ளே வலை பின்னியது போல அறைகள் இருக்கும். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி, பிசுபிசுப்பு போனபின் நிறத்தில் தொட்டு அழுத்துங்கள். நிறத்தைத் தட்டில் ஊற்றாமல், ஸ்பஞ்சில் ஊறவைத்து அதில் தொட்டால் வழியாது. வெட்டுவது பெரியவர்கள் வேலை.

4. புள்ளிகள்

கோலம் தெரிந்த வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நேர்ப்புள்ளி 5க்கு 5, இரண்டு விரல் இடைவெளி. இதைக் கோலமாக இழுக்கச் சொல்லாமல், புள்ளிகளைச் சேர்த்து ஒரு பறவை கொண்டுவா, ஒரு வீடு கொண்டுவா என்று சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளுக்குச் சிக்குக் கோலம்: எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும், கையை எடுக்கக் கூடாது. வீட்டில் பாட்டி இருந்தால் இந்தப் பாடத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். வாசலில் பாட்டி போடும் இந்தக் கோலங்களைத்தான் 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கணிதமாக, கணினி விதிகளாக எழுதிப் பார்த்தார்கள். இதைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைகள் பாட்டியைப் பார்க்கும் பார்வை மாறுகிறது.

5. மஞ்சள் வித்தை

மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவந்துவிடும், பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மஞ்சளுக்கே திரும்பும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதை வைத்துத்தான். அதையே தாளில் செய்யப்போகிறோம்.

இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, தாள் முழுக்கப் பூசி நன்றாகக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் கோடு பரவிவிடும். ஒரு கிண்ணத்தில் இரண்டு மேஜைக்கரண்டித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா. இன்னொரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு. காது குடையும் பட்ஸை சோடாத் தண்ணீரில் தொட்டுத் தாளில் கோடு போடச் சொல்லுங்கள். நிறமே இல்லாத தண்ணீர் தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பாகும். அதன் மேல் எலுமிச்சை தொட்டால் கோடு மங்கி மஞ்சளாகிவிடும். இந்த வேலையில் மட்டும் அழிரப்பருக்கு அனுமதி உண்டு, எலுமிச்சைதான் ரப்பர்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டால் இன்னும் அடர்ந்த சிவப்பு வரும். ஆனால் அது கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. குழந்தைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மஞ்சள் வெயில் பட்டால் வெளுக்கும் என்பதால், முடித்ததும் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

6. "எனக்கு மனுஷன் வரைய வராது"

ஏழெட்டு வயதில் இந்தப் புகார் வரும். அப்போது நான் வார்லி படங்களைக் காட்டுவேன். மகாராஷ்டிரத்து வார்லி மக்கள் மண்சுவரில் அரிசி மாவால் வரைவது. உடம்புக்கு நுனியோடு நுனி சேர்ந்த இரண்டு முக்கோணம், தலைக்கு ஒரு வட்டம், கை காலுக்குக் கோடு. இவ்வளவை வைத்துக்கொண்டு ஆட்டம், அறுவடை, கல்யாணம் எல்லாம் வரைந்துவிடுகிறார்கள். அதைச் சுவரிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்தவர் ஜிவ்யா சோமா மாஷே, 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர். அட்டைப்பெட்டியின் பழுப்பு அட்டையில் வெள்ளை நிறத்தால் வரையச் சொல்லுங்கள். பள்ளி மைதானம், பஸ் நெரிசல், தண்ணீர் லாரி வந்த தெரு, எதுவும் ஆகும்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் தலையிலிருந்தே கால் முளைத்த ஆளை வரைவார்கள். உலகம் முழுக்கக் குழந்தைகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். "உடம்பு எங்கே?" என்று கேட்டுத் திருத்த வேண்டாம், அதுவாக வரும்.

யோசனை வற்றிப் போகும் நாளுக்கு

இரண்டு காலி டப்பா. ஒன்றில் உயிருள்ளவற்றின் பெயர்ச் சீட்டு: எருமை, ஓணான், தாத்தா, காக்கா. மற்றதில் இடமோ வேலையோ: மொட்டை மாடி, ரேஷன் கடை வரிசை, ஊஞ்சல், முடிவெட்டும் கடை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு. எருமை முடிவெட்டும் கடைக்குப் போய்விட்டால் அப்புறம் உங்கள் உதவி தேவைப்படாது. சீட்டுகளைப் பிள்ளைகளே எழுதட்டும்.

படத்தைக் காட்டும்போது

"இது என்னது?" என்று கேட்டால் தான் வரைந்தது புரியவில்லை போலிருக்கிறது என்று குழந்தை சுருங்கிவிடும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள், கதை வரும். நீங்கள் பென்சிலை வாங்கி ஒரு கோடு கூடப் போடாதீர்கள். ஒருமுறை நான் பாசமாகத்தான் ஒரு குதிரையின் காலைத் திருத்திக் கொடுத்தேன். "இப்ப இது உங்க குதிரை" என்று சொல்லித் தாளை என்னிடமே நீட்டிவிட்டாள் மாடி வீட்டுப் பெண். அதன்பிறகு என் கை பின்னால்தான் இருக்கும்.

படத்தின் பின்பக்கம் பெயர், தேதி, வயது, குழந்தை சொன்ன ஒரு வரி, இதை மட்டும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கட்டும். பிறகு ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியில் அடுக்கலாம். கிரேயான் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், நடுவே செய்தித்தாள் வையுங்கள். பெட்டி மூலையில் ஒரு துண்டு வசம்பு போட்டு, ஓதம் ஏறாத அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள்.