நாற்பதுக்கு மேல் உடற்பயிற்சி: வீட்டிலா, ஜிம்மிலா?

ரத்த அழுத்தம், சர்க்கரை, முட்டிவலி இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு 2 நாளாவது தசைக்கு வேலை. முதலாவதுக்கு வேக நடையே போதும், ஜிம் வேண்டாம். தசைக்குத்தான் யோசிக்க வேண்டும், வயது ஏற ஏற அது தானாகவே குறையும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். 15 முறை சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்டியாக வேண்டும், அங்கேதான் ஜிம் உதவும். சரி, சேர்வதென்றால் வருடச் சந்தா வேண்டவே வேண்டாம், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, நீங்கள் போகும் நேரத்தில் கூட்டம் எப்படி, பயிற்சியாளர் உங்கள் முட்டியைப் பற்றி விசாரிக்கிறாரா என்று பாருங்கள். விசாரிக்காதவரிடம் எடை தூக்காதீர்கள்.